அவருடைய கேசட்

மெலடி என்றால் நம் ஊரில் மெதுவான காதல் பாட்டு. மழை, ஜன்னல், கொஞ்சம் கண்ணீர். நான் இரண்டு வருடம் உயிராகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு கேசட்டும் மெலடி வகைதானாம். மேல்நாட்டு இசையில் மெலடிக் டெத் மெட்டல் என்று அதற்குப் பெயர் இருப்பது தலை நரைத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பெயர் தெரியாததால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. புருஷன் பெயரைச் சொல்லாமலே குடித்தனம் நடத்திய பெண்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர்.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவர் சிங்கப்பூர் போய்விட்டார். கப்பல் கட்டும் இடத்தில் வேலை. மன்னார்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் அப்போது வீட்டுக்கு ஒருவர் அப்படிப் போய்க்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பெண்கள் "உங்க வீட்டுக்காரர் எங்க இருக்காரு?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். என்ன செய்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அந்த மாதம் முழுவதும் விருந்துக்குப் போவதிலேயே தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு உறவுக்காரர் வீட்டிலும் கோழிக்குழம்பு, ஜெபம், வெற்றிலைத் தட்டு. அவருக்குக் கருவாடு ஆகாது, தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொள்வார், கேட்டதற்குப் பதில் சொல்வார், கேட்காவிட்டால் பேசமாட்டார். இவ்வளவுதான் என் கையிருப்பு. விமானம் ஏறப் போனவரை வாசலில் நின்று அனுப்பிவிட்டு உள்ளே வந்தபோது, யாருக்காக அழுவது என்றே எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அழுதேன். அழாவிட்டால் மாமியார் என்ன நினைப்பார்?

வீட்டில் மாமியாரும் நானும்தான். நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தோம், அதனால் வயல் வேலையும் இல்லை. நான் தரங்கம்பாடிப் பக்கம் பிறந்தவள். எங்கள் லுத்தரன் கோயிலில் சின்ன வயதிலிருந்து கொயர் என்கிற பாடகர் குழுவில் ஆல்டோ பாடினேன். ஞானப்பாட்டு என்றால் நான்கு குரலாகப் பிரித்துத்தான் பாடுவோம். மேலே சோப்ரானோ மெட்டைத் தூக்கிக்கொண்டு போகும். ஆல்டோ அதற்குக் கீழே, கைப்பிடித்து நடக்கிற தங்கச்சி மாதிரி கூடவே போகும். புகுந்த ஊர்க் கோயிலில் கொயர் கிடையாது. ஹார்மோனியம் வைத்துக் கீர்த்தனை பாடுவார்கள், எல்லோருக்கும் ஒரே மெட்டு. ஆல்டோவைத் தனியாகப் பாட முடியாது. மேலே ஒருவர் பாடினால்தான் அதற்கு அர்த்தம். தனியாகப் பாடினால் பாட்டை மறந்துபோனவள் முனகுவது போல இருக்கும்.

கட்டிலுக்கு அடியில் அவருடைய தகரப்பெட்டி ஒன்று இருந்தது. சிங்கப்பூர் விசா கிடைப்பதற்கு முன் பெங்களூரில் நாலைந்து பேரோடு அறை எடுத்துத் தங்கி வேலை பார்த்தபோது வைத்திருந்த பெட்டி. அதில் பழைய பேண்ட், ஒரு டார்ச் லைட், கொஞ்சம் கேசட்டுகள். ஒன்றைத் தவிர எல்லாம் சினிமாப் பாட்டு, எல்லார் வீட்டிலும் இருப்பவை. அதை வைத்து ஒரு மனுஷனை எப்படித் தெரிந்துகொள்வது? மிச்சமிருந்த அந்த ஒன்றின் அட்டையில் நீலமும் கறுப்புமாக ஒரு படம், கோணல்மாணலான எழுத்து. அட்டையைப் பிரித்தால் எறும்பு ஊர்வது போல ஆங்கிலத்தில் பாட்டு வரிகள். அடியில் ஸ்வீடன் என்று போட்டிருந்தது. எங்கள் கோயில் சுவரில் படமாகத் தொங்கும் பழைய ஐயர்மாரில் பாதிப் பேர் அந்த ஊர்க்காரர்கள்தான். எங்கள் சபையில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஏதோ வேதப்பாட்டாக இருக்கும் என்று நம்பித்தான் டேப்ரெக்கார்டரில் போட்டேன்.

முதலில் மத்தளம் என்று சொல்லமுடியாத ஒரு இடி. தகரக் கொட்டகைமேல் ஐப்பசி மழை கொட்டுகிற சத்தம். அப்புறம் ஒருவன் கத்தினான். பாடவில்லை, அடித்தொண்டையிலிருந்து கத்தினான். மாமியார் அடுப்படியிலிருந்து வந்துவிட்டார்.

"ஏம்மா, டேப்பு ரிப்பேராயிடுச்சா?"

"இல்ல அத்தை, பாட்டு."

"பாட்டா? வயித்து நோவு கண்ட மாடு கத்துற மாதிரில்ல இருக்கு."

"உங்க மகனோட கேசட்டு, அத்தை."

மாமியார் டேப்பின் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். பிறகு, "அவனோடதா? அப்ப நல்லதாத்தான் இருக்கும். எனக்குத்தான் வெளங்கல" என்றார். அதற்கப்புறம் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. சில மத்தியானங்களில் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டு அவரும் கதவோரம் உட்கார்ந்து கேட்டார்.

எனக்கும் உடனே விளங்கவில்லை. ஆனால் இது அவருடையது என்பதால் விடவும் மனமில்லை. மறுபடி மறுபடி போட்டேன். ஒரு நாள் கத்துகிறவனைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது காது. அங்கே இரண்டு கிட்டார்கள் இருந்தன. ஒன்று மேலே மெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. இன்னொன்று அதற்கு மூன்று படி கீழே, அதே வேகத்தில், கைவிடாமல் கூடவே போகிறது. சோப்ரானோவும் ஆல்டோவும். இடியும் கூச்சலும் எல்லாம் வெளியே, உள்ளே ஓடுவது சுத்தமான ஞானப்பாட்டு. கையில் இருந்த துவரம்பருப்பு முறத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அதிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது. கொயரில் கற்ற டோ ரே மீ சுரங்களை வைத்து இரண்டாவது கிட்டாரை முழுக்க எழுதிக்கொண்டு கூடவே பாடினேன். கத்துகிறவன் மொத்தக் கேசட்டிலும் ஒரு சுரம்கூடப் பாடவில்லை. சொல்லத் தெரியாத கோபத்தை எல்லாம் அவன் கத்தித் தீர்க்கிறான், அவன் அழவேண்டியதைக் கிட்டார்கள் அழுகின்றன. இரண்டாம் பக்கத்தின் நடுவில் இடியெல்லாம் நின்று ஒரே ஒரு கிட்டார் மட்டும் கொஞ்ச நேரம் வாசிக்கும். பக்கத்தில் யாரும் இல்லாத வாசிப்பு. அந்த இடத்தில் எத்தனை முறை அழுதிருப்பேன் என்று தெரியாது. வாய்க்காலில் தண்ணீர் வந்து, நாற்று பச்சை பிடித்து, ஊரே வயலில் இறங்கியிருக்கும் நாட்களில்தான் வீடு அதிகமாக வெறிச்சென்று இருக்கும். அந்த நாட்களில் அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

இப்படித்தான் அவரைத் தெரிந்துகொண்டேன், அல்லது தெரிந்துகொண்டதாக நினைத்தேன். பேசாத மனிதர், உள்ளே இத்தனை இடி. பெங்களூர் அறையில் நாலைந்து பேருக்கு நடுவில் தனியாக உட்கார்ந்து இதைக் கேட்டிருப்பார். அவருக்கும் யாரும் இல்லை. அப்படி நினைத்ததும் அவர்மேல் எனக்கு ஆசை வந்தது. கல்யாணத்தன்று வராத ஆசை. கீரை கழுவும்போது அவரோடு பேசுவேன், ஜெபத்தில் அவர் பெயரை முதலில் சொல்வேன்.

எதிர்வீட்டு போனுக்குத்தான் அவர் கூப்பிடுவார். அந்த வீடு முழுக்க டிவியைக் குறைத்துவிட்டு என் வாயைப் பார்க்கும். அங்கே எதைப் பேசுவது? ஒரு தடவை தைரியமாக, "உங்க கேசட்டெல்லாம் கேக்குறேங்க" என்றேன்.

"கேளு, கேளு. எல்லாம் நல்ல பாட்டு" என்றார்.

அது போதுமாக இருந்தது. எதிர்வீட்டிலிருந்து திரும்பும்போது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, கிறிஸ்மஸுக்கு லீவு கிடைக்காமல் தை கடைசியில் வந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார். சாக்லெட், தைலம், மாமியாருக்குப் போர்வை, பெரிய சிடி பிளேயர். வந்தவர்கள் எல்லாம் போய் வீடு அடங்க இரண்டு நாள் ஆனது. அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அவரை உட்காரச் சொல்லிவிட்டு டேப்பில் அந்தக் கேசட்டைப் போட்டேன். கிட்டார்கள் ஓட ஆரம்பித்ததும் இரண்டாவதோடு சேர்ந்து மெல்லப் பாடினேன். ரொம்ப நாளாகப் பழகி வைத்திருந்தேன், அவர் முகத்தைப் பார்ப்பதற்காக.

அவர் முகம் சுளித்தார்.

"என்னம்மா இது? ஓ, இதுவா? இது இன்னுமா இருக்கு? பெங்களூர் ரூம்ல ஷில்லாங் பையன் ஒருத்தன் இருந்தான், அவனோடது. ரூம காலி பண்றப்ப மாறி வந்திருக்கு. அவன் இதப் போட்டாலே நான் டீ குடிக்கப் போயிடுவேன்."

மாமியார் கதவோரத்திலிருந்து, "அட கர்த்தரே, அப்ப ரெண்டு வருஷமா எவ பெத்த புள்ளயோ கத்துனதயா கேட்டேன்?" என்றார். அம்மாவும் மகனும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். நானும் டேப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய் என்று சும்மாவா சொன்னார்கள்.

சிரித்து முடித்ததும் பயம் வந்தது. எதிரில் பனியன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. நல்ல மனிதர், என்னைக் கட்டியவர். வரவேண்டியவர் வந்துவிட்டார். நான் காத்திருந்தவர் இனி எந்த விமானத்திலும் வரப்போவதில்லை. அவருக்காக யாரிடம் போய்த் துக்கம் கேட்பது?

"நாளைக்கு மன்னார்குடி போறேன்ல, இதையும் குடு" என்றார். "ரெக்கார்டிங் கடையில இதுமேலயே உனக்குப் புடிச்ச கீர்த்தனையா பதிஞ்சு வாங்கிட்டு வர்றேன்." ஆசையாகத்தான் சொன்னார்.

"வேணாங்க. எனக்கு இதுதான் புடிக்கும்."

"இதுவா?"

"இதுதான்."

கேட்டதற்குப் பதில் சொல்லிப் பழகிய என் வாய், முதல் தடவையாக ஒன்றை என்னுடையது என்று அவரிடம் சொன்னது. அவர் டேப்பைத் தன் பக்கம் திருப்பி வைத்தார். "சரி, போடு. என்ன இருக்குன்னு பாப்போம்" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மாமியார் எழுந்து அடுப்படிக்குப் போனார்.

நான் இரண்டு கிட்டாரையும் காட்டிக் கொடுத்தேன். எது மேலே, எது கீழே என்று விரலால் காற்றில் கோடு போட்டேன். அவர் தலையாட்டினார், ஆட்டக்கூடாத இடத்தில் எல்லாம். தனிக் கிட்டார் வந்தபோது, "இது நல்லாத்தான் இருக்கு" என்றார். பொய்தான், எனக்காகச் சொன்னது. அது புரிந்ததால் அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. கேசட் முடிந்து பட்டன் தானாகத் துள்ளியது.

"இவ்வளவு நாளும் இதத் தனியாவா உக்காந்து கேட்ட?" என்றார்.

"இல்லங்க. உங்ககூடத்தான்."

நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார்.