செமராங்கின் நீர்மட்டக் கோடு

இந்தோனேசியாவின் செமராங் நகரின் வடகோடியில், மழையில்லாத நாளிலும் கடல் வீட்டுக்குள் வந்துபோகும் தெருவில் பிறந்தவள் ரெத்னா. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டே பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள். இன்று நகரத்தின் நீர் இறைக்கும் நிலையங்களில் எல்லாரும் பார்க்கிற இணையச் செயலியை எழுதுகிறவள் அவள்தான். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி.

செயலியில் ஒரே குறை. நீர்மட்டம் வெறும் எண்களாக வரும். மோட்டார்காரர்கள் அதைப் படித்து முடிப்பதற்குள் கடல் வாசலுக்கு வந்துவிடும். பேசாமல் வெளிநாட்டு மென்பொருளை வாங்கிவிடலாம் என்று மேலதிகாரி ஒற்றைக்காலில் நின்றார். ரெத்னா ஒரு வாரம் தவணை கேட்டாள். வரைபடம் போடுவதற்கென்றே யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்த ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பைத் தன் செயலிக்குள் சேர்த்தாள். அலை ஏறுவதும் இறங்குவதும் நீலக் கோடாக ஓடியது.

வெள்ளிக்கிழமை மேலதிகாரி முன்னால் பரீட்சை. இருபது வருடம் மோட்டாரோடு குடித்தனம் நடத்தியவர், எல்லாரும் மரியாதையாக 'பாக்' என்று கூப்பிடும் சுகிமான், மெனுவைத் தொட்டு நீர்மட்டப் பக்கத்துக்குப் போனார். கோட்டைக் காணோம், பக்கம் வெறுமையாக இருந்தது.

"ரிஃப்ரெஷ் பண்ணுங்க பாக், வந்துரும்" என்றான் ரெத்னாவின் சகா திம்புல். வந்தது.

"முழங்கால் தண்ணில நிக்கிறேன், ரெண்டு கையும் மோட்டார்ல இருக்கு. எந்தக் கையால பண்ணச் சொல்ற?" என்று சுகிமான் கேட்டார்.

மேலதிகாரி சிரித்தார். திங்கட்கிழமை வரைதான் தவணை என்றார்.

ரெத்னாவுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. நிரலில் ஒரு வரி மாற்றினால் ஒரு ரிஃப்ரெஷ். அவள் கைக்கும் திம்புல் கைக்கும் அப்படியே பழகிவிட்டது. ஒருநாளாவது சாதாரண மனுஷனைப்போல மெனு வழியாக வந்து பார்த்ததுண்டா? அப்படி வந்தால், செயலியைத் தாங்கி நிற்கும் சட்டகம், அதாவது ஃபிரேம்வொர்க், பக்கத்தைப் புதிதாகத் திறக்காது. உள்ளே இருப்பதை மட்டும் மாற்றிவைக்கும். கோட்டை வரையும் கட்டளையோ, முதலில் திறக்கும்போது ஒரே தடவைதான் ஓடும்.

'ரிஃப்ரெஷ் செய்யவும்' என்று பக்கத்திலேயே எழுதிவிடலாம் என்றான் திம்புல்.

"நாம செஞ்ச தப்புக்கு அவர் ஏன் பட்டன் அமுக்கணும்?" என்று எரிந்து விழுந்தாள் ரெத்னா. உள்ளடக்கம் மாறும்போதெல்லாம் பழைய கோட்டை அழித்துப் புதிதாய் வரையும்படி எழுதினாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மெனு வழியாகவே சோதிக்க வைத்தாள்; ரிஃப்ரெஷ் பக்கம் யாரையும் கைவைக்க விடவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் கடல் பொங்கியது. கோடு ஏறுவதைப் பார்த்த சுகிமான் ஒரு மணி நேரம் முன்னதாகவே மோட்டார்களை ஓடவிட்டார். தண்ணீர் சாக்கடையோடு நின்றுகொண்டது. மேலதிகாரி எல்லாரும் கேட்க அவருக்குப் போன் போட்டு, சாஃப்ட்வேர் ஏதாவது தகராறு செய்ததா என்று விசாரித்தார்.

"எந்த சாஃப்ட்வேர்? நான் தண்ணியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார் சுகிமான்.

செயலி இருப்பதே அவருக்குத் தெரியவில்லை; ரெத்னாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.