மின்வெட்டு காட்ட விரும்பிய பச்சை

சொல்லாமல் கொள்ளாமல் விளக்கை அணைத்துவிடுவார். பக்கத்து மேசையில் நான் துளி மருந்தை அளந்துகொண்டிருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. “ஒரு நிமிஷம், கண்ணு இருட்டுக்குப் பழகட்டும்” என்பார். ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் அவரை மின்வெட்டு என்றுதான் கூப்பிடுகிறோம். அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

அவர் தொழில் புரதம் வடிவமைப்பது. டெர்பியம் என்ற அரிய உலோகத்தின் ஒரே ஓர் அணு உட்காரத் தோதாகக் கணினியில் ஒரு குழி வரைவார். அந்தப் புரதத்தைப் பாக்டீரியாவில் வளர்த்தெடுத்து, உலோகம் கலந்து, புறஊதா விளக்குப் பெட்டிக்குள் வைப்பார். சரியாக அமைந்தால் பச்சையாக ஒளிரும். எங்கே அமைகிறது? ஒருமுறை, கழுவப் பயன்படுத்திய ரசாயனம் குழாயில் மிச்சமிருந்து, உலோகத்தை முந்திப் பிடித்துக்கொண்டது. “வீட்டுக்கு வந்தவன வாசல்லயே மடக்கிட்டான் பாருங்க” என்றார். அன்று முழுக்கக் குழாய்களைத் திரும்பத் திரும்ப அலசிக்கொண்டிருந்தார்.

மனைவி கடல் தாண்டி ஒரு மருத்துவமனையில் செவிலியர். அங்கே இரவு வேலை முடிகிற நேரம் இங்கே மதியச் சாப்பாட்டு வேளை. ஒரு கையில் டப்பா, மறு கையில் ஃபோன், நின்றபடியே பேசுவார். “இன்னிக்கு ஒளிர்ந்துடும்னு நெனைக்கிறேன்மா. உனக்குத்தான் மொதல்ல காட்டுவேன்.” இரண்டு மூன்று வருடமாக இதே பேச்சு. பிரிந்து கிடந்ததற்கு இந்தப் பச்சையாவது ஈடாகட்டும் என்று மனிதர் ஏங்கினார். ஏக்கத்தை மறைக்கவும் தெரியாதவர்.

போன வாரம் ஒளிர்ந்தது. நானே பார்த்தேன், நல்ல பச்சை. உடனே ஃபோன் போட்டார். திரையில் சீருடைகூட மாற்றாமல், அரைத்தூக்கத்தில் மனைவி. ஆனால் மின்வெட்டுக்கு ஒரு பழக்கதோஷம் உண்டு. யாருக்குக் காட்டினாலும் புரதம் சேர்க்காத குழாயை முதலில் வைத்து, இது ஒளிராது என்று காட்டிவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பார். அன்றும் அப்படியே வைத்தார். பெட்டிக்குள் வெறும் இருட்டு.

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னார்: “எவ்ளோ அழகா இருக்குங்க. நீங்க சொன்ன மாதிரியே பச்சை.”

நான் ஏதோ சொல்லப் போனேன். வேண்டாம் என்று மின்வெட்டு தலையசைத்தார்.

“ஆமாம்மா, அழகாத்தான் இருக்கு” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அடுத்து வைக்கவேண்டிய குழாயை மெல்லச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.