லிசிமாக்கோவின் பிரெஞ்சு

சைக்கிள் கடை லிசிமாக்கோ சப்பாரோவுக்கு பிரெஞ்சு தெரியும் என்பதில் ஏரிக்கரையில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. வெங்காயம் நடுகிறவர்களும் ஆடு வளர்க்கிறவர்களும் மட்டுமே உள்ள ஊரில் அவரை மறுத்துப் பேச எவன் இருக்கிறான்? "பிரெஞ்சுக்காரர்" என்றே அவரைக் கூப்பிட்டார்கள். முதலில் கேலியாகத்தான் கூப்பிட்டார்கள், பிறகு அதுவே மரியாதையாகிவிட்டது. அவருக்கும் அது இனித்தது.

அவர் அந்த மொழியைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. பிரான்சுக்குப் பந்தயம் ஓட்டப் போய்த் திரும்பிய ஒருவர், கோணிப்போன இரண்டு சக்கரங்களை நிமிர்த்தக் கொடுத்தார். அவற்றைச் சுற்றி வந்த காகிதமெல்லாம் பிரெஞ்சுப் பந்தயப் பத்திரிகை. லிசிமாக்கோ காகிதத்தை எறியவில்லை. முதலில் முடிவுப் பட்டியலைப் படித்தார். பேருக்கும் நேரத்துக்கும் மொழி வேண்டியதில்லையே. பிறகு பந்தய விவரத்துக்கு வந்தார். அதே பந்தயத்தை அவர் ரேடியோவில் கேட்டிருந்தார். எந்த மேட்டில் யார் யாரை உதறிவிட்டு ஏறினான் என்பது அத்துப்படி. ஆகவே 'ஏறினான்' எந்தச் சொல், 'உதறினான்' எந்தச் சொல் என்று சொற்கள் தாமாகவே பிடி கொடுத்தன. தெரிந்த விஷயத்தைத் தெரியாத மொழியில் படிப்பதுதான் அவர் வித்தை. பன்னிரண்டு வருஷத்தில் பல்சக்கரம், சங்கிலி, மேடு, இறக்கம், பசி, தாகம், முழங்கால், எலும்பு முறிவு எல்லாம் பிரெஞ்சில் தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது.

சனிக்கிழமை தோறும் கடையில் பத்திரிகை வாசிப்பு நடக்கும். மூன்று மாதப் பழைய இதழை ஒரு லாரி டிரைவர் தலைநகர் போகோத்தாவிலிருந்து கொண்டுவருவார். லிசிமாக்கோ பிரெஞ்சைப் பார்த்துக்கொண்டே நம் பேச்சில் சொல்லுவார். புரியாத இடம் வந்தால் நிற்கமாட்டார்; சொந்தச் சரக்கைப் போட்டு நிரப்பிக்கொண்டு போய்விடுவார்.

"போன வாரம் இதே பக்கத்துல மழை பெஞ்சுதே, இப்ப எப்படி வெயில் அடிக்குது?" என்பான் கறிக்கடை பெலார்மினோ.

"அந்த மலையில ரெண்டும் உண்டுடா. நீ போயிருக்கியா?"

"நீங்க போயிருக்கீங்களா?"

எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். பந்தயக் கதையில் மழையும் வெயிலும் மாறினால் யாருக்கு என்ன நஷ்டம்?

எண்பத்தைந்தாம் வருஷம், வெங்காயக்காரி சத்தூரியாவின் மகன் ஃபெர்னியை பிரான்சில் ஒரு சின்ன சைக்கிள் அணி எடுத்துக்கொண்டது. பையனுக்குப் பத்தொன்பது வயது. சத்தூரியாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பையன் அனுப்பிய அட்டைகளில் 'நலம்' என்பதைத் தவிர ஒன்றும் இருக்காது. ஜூன் மாதம், அவன் தங்கியிருந்த வீட்டுக்காரி மதாம் ஒதில் என்பவளிடமிருந்து நான்கு பக்கக் கடிதம் பிரெஞ்சில் வந்தது. சத்தூரியா ருவானாப் போர்வையைத் திருத்திக்கொண்டு, கையில் ஒரு கட்டு வெங்காயத்தோடு, சனிக்கிழமைக் கூட்டத்தின் நடுவில் வந்து நின்றாள்.

"படிங்க தோன் லிசி," என்றாள் மரியாதையாக. "எம் புள்ளை எப்படி இருக்கான்னு சொல்லுங்க."

லிசிமாக்கோ கண்ணாடியை மாட்டினார். முதல் பத்தியிலேயே காலுக்கடியில் தரை நழுவியது. இது பத்திரிகை அச்சு அல்ல, ஒரு பெண்ணின் சாய்ந்த கையெழுத்து. இதில் மேடும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒரு வீட்டுக்குள் நடக்கிற சங்கதி. 'மூன்று' தெரிந்தது. 'தட்டு' தெரிந்தது. 'முழங்கால்' தெரிந்தது, இரண்டு இடத்தில். அதை அவர் நன்றாகவே பார்த்தார். சைக்கிள்காரனில் முழங்கால் வலிக்காதவன் எவன் என்று தனக்குள் சொல்லி அதை மென்று விழுங்கினார். இருபது பேர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 'எனக்குப் புரியவில்லை' என்ற இரண்டு சொல் அவர் நாக்கில் வரவில்லை.

"நல்லாச் சாப்பிடறானாம். ஒரு வேளைக்கு மூணு தட்டு! இப்படி ஒரு புள்ளையை நான் பாத்ததே இல்லைங்கறா அந்தம்மா."

சத்தூரியா அழுதுகொண்டே சிரித்தாள். "இங்க ஒரு தட்டுக்கே அடம் பிடிப்பானே!"

பதில் எழுத வேண்டுமென்றாள். நம் மொழியில் எழுதியிருந்தால் ஃபெர்னியே படித்துக்கொண்டிருப்பான். லிசிமாக்கோ விடவில்லை. "அந்தம்மாவுக்கு அவங்க பாஷையில போனாத்தாங்க மரியாதை," என்றார். சத்தூரியா சொல்லச் சொல்ல எழுதுவதாக ஏற்பாடு.

"அவன்கிட்டச் சொல்லச் சொல்லுங்க. களைச்சுப் போச்சுன்னா வந்துடட்டும். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வெங்காயம் இருக்கு, வீடு இருக்கு, நான் இருக்கேன்."

வீடு, அம்மா, வந்துவிடு. எந்தப் பந்தயத்தில் இந்தச் சொற்கள் வந்தன? லிசிமாக்கோ பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். பிறகு தமக்குத் தெரிந்ததை எழுதினார்: 'உன் அம்மா சொல்கிறாள்: முன்னால் போகிறவன் சக்கரத்தை விடாதே. பல்லைக் கடித்துக்கொள். கடைசி மேட்டில் தாக்கு.' ஒரு பிழையில்லை. எழுதி முடித்ததும் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்துத்தான் பின்னாளில் அவர் அதிகம் வெட்கப்பட்டார்.

அதன் பிறகு வாரத்துக்கு ஒருமுறை சத்தூரியா அதே கடிதத்தோடு வருவாள். "அந்த மூணு தட்டு இடத்தைப் படிங்க." அவர் படிப்பார். ஒருநாள் ஞாபகப் பிசகில் இரண்டு தட்டு என்று சொல்லிவிட்டார்.

"மூணுல்ல சொன்னீங்க?"

"மூணுதான், மூணுதான். கண்ணாடி சரியில்ல."

அக்டோபரில் ஃபெர்னி திரும்பி வந்தான். பஸ்ஸிலிருந்து முதலில் ஒரு கால் இறங்கியது; இன்னொன்றை அவன் கையால் தூக்கி வைத்தான். சனிக்கிழமை கடைக்கு வந்தபோது கூட்டம் எழுந்து நின்றது.

"நம்ம பிரெஞ்சுக்காரர் எழுதின பிரெஞ்சு அங்க செல்லுபடியாச்சாடா?" என்றான் பெலார்மினோ.

ஃபெர்னி லிசிமாக்கோவைப் பார்த்தான். "நல்ல பிரெஞ்சுங்க. தப்பே இல்ல."

கூட்டம் கலைந்ததும் சட்டைப்பையிலிருந்து அவர் எழுதிய அந்தக் கடிதத்தை எடுத்துப் பட்டறை மேசையில் வைத்தான். மடித்து மடித்து ஓரமெல்லாம் கிழிந்திருந்தது.

"மே மாசம் விழுந்தேன். முழங்கால் போச்சு. அணியில ஓட்டு, ஓட்டுன்னாங்க. என்னைத் திரும்பக் கூப்பிட்டுக்கச் சொல்லி மதாம் எங்கம்மாவுக்கு எழுதினாங்க. பதிலுக்கு இது வந்துது. அம்மாவே சொல்லிட்டாங்களேன்னு ஆகஸ்ட் வரைக்கும் ஓட்டினேன்." கடிதத்தை அவர் பக்கம் தள்ளினான். "எங்கம்மா இப்படித்தான் சொன்னாங்களா?"

லிசிமாக்கோ கையில் ஸ்பேனரோடு நின்றார். பையன் பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு போனான்.

நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது அவருக்கு. மறுநாள் சத்தூரியாவிடம் மதாமின் கடிதத்தை இரவல் வாங்கினார். பக்கத்து நகரமான சோகமோசோவில் ஒரு வாத்தியாரிடமிருந்து அகராதி வாங்கிவந்து, கடையைப் பாதி சாத்திவிட்டு, பதினொரு நாள் சொல் சொல்லாகத் தோண்டினார். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அகராதி பார்க்காத மனிதர். பந்தயம் தெரிந்ததால் பந்தயச் செய்தி புரிந்தது, அவ்வளவுதான். அந்த வீட்டைத் தெரியாமலே அதே வித்தையை அங்கேயும் காட்டப் போனாரே, அங்கேதான் புத்தி புல் மேயப் போயிருந்தது. ஃபெர்னி மூன்று நாளாகத் தட்டைத் தொடவில்லை என்று மதாம் எழுதியிருந்தாள். அவன் அழுகிற சத்தம் என் பிள்ளைகளுக்குக் கேட்கக் கூடாதென்று தலையணையைக் கடித்துக்கொள்கிறான் என்று எழுதியிருந்தாள். ஊர் சிரிக்குமென்று பயப்படுகிறான், அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும், வந்துவிடுவான் என்று எழுதியிருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சத்தூரியா வீட்டு வாசலில் நின்றார். அவள் வெல்லத் தண்ணீர் சூடாகக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை.

"தோனா சத்தூரியா, நான் படிச்சது பொய். இதுல மூணு தட்டு இல்ல. எனக்குப் புரியல. புரியலைன்னு சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டுக் கதை விட்டேன்."

"என்ன சொல்றீங்க? இத்தனை தடவை படிச்சீங்களே!"

"அத்தனை தடவையும் பொய்."

அவள் வெங்காயப் பாத்தியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஃபெர்னி! இங்க வா. இதை நீ படி."

அவன் வந்து ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினான். தன் அழுகையைத் தன் அம்மாவுக்கே படிக்க வேண்டும். லிசிமாக்கோ அவன் தோளுக்குப் பின்னால் நின்றார். பையனின் விரல் வரிக்கு வரி நகர்ந்து, தலையணை என்ற சொல்லுக்குக் கீழே நின்றது. இப்போது அந்தச் சொல் அவருக்கும் தெரியும்.

"உங்க மகன் நல்லாச் சாப்பிடறான்," என்று படித்தான் ஃபெர்னி. "ஒரு வேளைக்கு மூணு தட்டு."

"பாத்தீங்களா!" சத்தூரியா கையைத் தட்டினாள். "சரியாத்தானே படிச்சிருக்கீங்க. ஏன் தோன் லிசி உங்களை நீங்களே இப்படித் தாழ்த்திக்கறீங்க?"

லிசிமாக்கோ அதோடு விடவில்லை. "பதிலும் நீங்க சொன்ன மாதிரி எழுதல தோனா சத்தூரியா." பையன் பக்கம் திரும்பினார். "டேய், உங்கம்மா சக்கரத்தைப் பத்திப் பேசவே இல்ல. களைச்சுப் போச்சுன்னா வந்துடுன்னு சொன்னாங்க. எழுதத் தெரியாம நான்தான்..."

ஃபெர்னியின் முகம் வெளுத்தது. கடிதத்தை மடித்தான்.

"அதான் எழுதினீங்களே," என்றாள் சத்தூரியா. "அதைப் பாத்துட்டுத்தானே எம் புள்ளை வந்திருக்கான். இல்லடா?"

ஒரு கோழி நடுவே புகுந்து போயிற்று.

"ஆமாம்மா," என்றான். "அதைப் பாத்துத்தான் வந்தேன்."

அவள் வழக்கம்போல ஒரு கட்டு வெங்காயத்தை நாரால் கட்டி, படித்துக் கொடுத்ததற்காக அவர் கையில் திணித்தாள். வேண்டாமென்று சொல்லியும் கேட்கவில்லை. ஃபெர்னி படல் வரைக்கும் நொண்டிக்கொண்டே கூட வந்தான்.

"எங்கம்மாவுக்கு இனிமே எதையும் படிச்சுக் காட்டாதீங்க," என்றான் மெல்ல.

லிசிமாக்கோ சரி என்று தலையாட்டினார். கடைக்குத் திரும்பும் வழியெல்லாம் எதிரில் வந்தவர்கள், பிரெஞ்சுக்காரருக்கு வணக்கம் என்றார்கள். வெங்காயக் கட்டை எந்தக் கையில் வைத்துக்கொள்வதென்று அவருக்குத் தெரியவில்லை.