கதவோர டீமின் வேகம்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் மீட்டர் என்றுதான் சொன்னார்கள். நேரில் மீட்டரக்கா, முதுகுக்குப் பின்னால் வெறும் மீட்டர். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவள் கோபித்துக்கொள்ளாத விஷயம் வாழ்க்கையில் அது ஒன்றுதான். மற்ற எல்லாவற்றுக்கும் கோபம் மூக்கு நுனியில் தயாராக நிற்கும். கணக்குப் பரீட்சையில் தனக்கு மார்க்கைக் கூட்டிப் போட்டுவிட்டார் என்று வாத்தியாரோடு மல்லுக்கு நின்று, குறைத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிள்ளை அவள். அன்றைக்கு அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டு, "இது எங்க போய்க் குப்பை கொட்டப் போகுதோ" என்றாள்.

கடைசியில் குப்பை கொட்ட வந்து சேர்ந்த இடம் ஒரு மென்பொருள் கம்பெனி. ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய மென்பொருளை எழுதிக் கொடுக்கிறவர்கள். முதலில் பல வருஷம், அடுத்தவர் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிக்கிற டெஸ்டராக இருந்தாள். அந்த ஓட்டைக்குப் பக் என்று பெயர். அதில் அவளுக்கு நல்ல பெயர். அதாவது, எழுதியவர்கள் அத்தனை பேரிடமும் கெட்ட பெயர். பிறகு, டீம்களின் வேகத்தை அளந்து அறிக்கை கொடுக்கிற வேலைக்கு அவளை மாற்றினார்கள்.

அது என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். டீம்கள் இரண்டு இரண்டு வாரமாக வேலை செய்யும். ஸ்பிரின்ட் என்று அதற்குப் பெயர். தொடக்கத்தில் டீம் ஆட்கள் கூடி உட்கார்ந்து, எது எவ்வளவு கஷ்டம் என்று பேசி, ஒவ்வொரு வேலைக்கும் புள்ளி போடுவார்கள். சில்லறை வேலைக்கு ஒன்று, இரண்டு. முதுகை ஒடிக்கிற வேலைக்குப் பதிமூன்று. கடைசியில் முடிந்த வேலைகளின் புள்ளியைக் கூட்டினால் அதுதான் அந்த டீமின் வேகம். அடுத்த முறை எவ்வளவு பாரத்தைத் தலையில் ஏற்றிக்கொள்ளலாம் என்று டீம் தெரிந்துகொள்ள ஏற்பட்ட கணக்கு அது. அந்தப் புள்ளி அவரவர் கை முழம். உன் முழம் வேறு, என் முழம் வேறு. இரண்டு பேர் அளந்த கயிற்றில் எது நீளம் என்று முழக்கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு சொல்கிறவன் ஒன்று முட்டாளாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பெரிய பதவியில் இருக்க வேண்டும்.

அவள் இருந்த மாடியில் இரண்டு டீம்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் ஆஸ்பத்திரியின் டோக்கன், பில், வரவேற்பு மேஜை இவற்றுக்கான திரைகளைச் செய்தார்கள். கதவோரம் உட்கார்ந்தவர்களுக்கு மருந்து அளவு. நர்ஸ் ஒரு குழந்தையின் எடையைப் பதிந்தால், இந்த எடைக்கு இவ்வளவு மருந்து என்று கணக்குப் போட்டுச் சொல்கிற பகுதி அது. கதவோர டீமின் தலைவனைத் தாடி என்பார்கள். மெதுவாகப் பேசுகிறவன். வேலையையும் மெதுவாகத்தான் செய்வான், ஒரு தடவைக்கு மூன்று தடவை சரிபார்த்து.

அவள் முதன்முதலில் அளக்க வந்தபோது தாடி ஒத்துக்கொள்ளவில்லை.

"வேண்டாம்கா. இன்னைக்கு அளப்பீங்க. நாளைக்கு இதை வச்சே எங்க கழுத்தை அறுப்பாங்க."

"எவன் அறுப்பான்? இந்த நம்பர் உங்களுக்கு மட்டும்தான். இன்னொரு டீமோட சேர்த்து வச்சுப் பார்க்க நான் விடமாட்டேன். புள்ளியை உள்ளபடி போடுங்க. பக் இருந்தா மறைக்காம எழுதுங்க. என் வார்த்தையை நம்பு."

தாடி நம்பினான். அவன் டீம் தன் தப்பைத் தானே கண்டுபிடித்து, யாரும் பார்ப்பதற்கு முன்னால் தானே எழுதிப் பதிவு செய்தது. அவர்கள் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு மனசு நிறைந்தது. ஊரில் ஒரு தராசாவது ஒழுங்காக நிற்கிறதே என்றிருக்கும்.

பிறகு புதிதாக ஒரு டைரக்டர் வந்தார். வந்த வேகத்தில் ஹாலில் ஒரு பெரிய டிவியை மாட்டினார். அதில் எல்லாம் பச்சையாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. ஆகவே அவருக்குப் பச்சை என்று பெயர் வந்தது. ஒரு நாள் காலையில் அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, டிவியில் இரண்டு டீம்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஜன்னலோரம் வேகம் தொண்ணூறு, பக் இரண்டு, பச்சை. கதவோரம் வேகம் முப்பது, பக் பதினேழு, சிவப்பு. அதைப் பார்த்துக்கொண்டு தாடி நின்றிருந்தான். அவளை அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம்.

அவள் கதவைத் தட்டாமல் டைரக்டர் அறைக்குள் போனாள்.

"யார் சார் இதைப் போட்டது?"

"உங்க டேட்டாதான் மேடம். சிஸ்டமே எடுத்துக்குது. பளிச்சுன்னு இருக்குல்ல?"

"இது ரெண்டையும் ஒண்ணா வைக்கக் கூடாது சார். இவங்க புள்ளி வேற, அவங்க புள்ளி வேற."

"தொண்ணூறுக்கும் முப்பதுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். மேஜையில், பொக்கை வாயைத் திறந்து சிரிக்கிற ஒரு குழந்தையின் படம் சட்டம் போட்டு இருந்தது. அவருடைய குழந்தைதான். "இந்தக் காலாண்டோட கதவு டீமைக் கலைச்சிடலாம்னு இருக்கேன். மருந்து வேலையையும் ஜன்னல் டீமே பார்க்கட்டும். நீங்க அறிக்கையை மட்டும் குடுங்க, ஆளுங்களை அனுப்பறதை நான் பார்த்துக்கறேன்."

அன்று சாயங்காலம் அவள் வீட்டுச் சாவியை மேஜையில் போட்ட சத்தத்திலேயே கணவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் லிஃப்ட் மெக்கானிக். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே கேட்டார்.

"இன்னைக்கு யாரு முட்டாள்? நானா?"

"இன்னைக்கு நீங்க இல்ல."

"அப்பாடா."

"ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. அஞ்சாவது மாடியில பதினஞ்சுன்னு போர்டை மாட்டிட்டு, லிஃப்ட் மூணு மடங்கு வேகமாப் போகுதுன்னு ஒருத்தன் சொன்னா என்ன பண்ணுவீங்க?"

அவர் யோசித்தார். "எனக்குச் சம்பளம் ஏத்துவானா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டோமே என்று கோபம் இன்னும் ஏறியது. அந்தக் கோபத்தோடு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் வழி தோன்றியது. ஒரே வேலையை இரண்டு டீமிடமும் கொடுத்துப் புள்ளி போடச் சொன்னால் என்ன? குட்டு வெளிப்பட்டுவிடாதா?

கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தால் திரையில் வருகிற ஒரு வரி. அந்த வரியில் ஒரு வார்த்தையை மாற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை. கதவோர டீமில் கேட்டாள். "ஒண்ணு. அரைப் புள்ளி இருந்தா அரை போட்டிருப்போம்" என்றான் தாடி. ஜன்னலோர டீமில் கேட்டாள். அதன் தலைவர் கண்ணை மூடிக்கொண்டு, மாற்றணும், இன்னொருத்தர் பார்க்கணும், டெஸ்ட் பண்ணணும் என்று விரல் மடக்கிவிட்டு, கூசாமல் எட்டு என்றார்.

மாதக் கூட்டத்தில் இரண்டையும் பெரிய திரையில் போட்டுக் காட்டினாள். ஒரே வேலை. இங்கே ஒன்று, அங்கே எட்டு. ஜன்னலோரத் தலைவர் தன் ஷூவைப் பார்த்தார். முழுப் பூசணிக்காய் சோற்றிலிருந்து வெளியே வந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். இதற்குமேல் ஒரு மனுஷனுக்கு என்ன சொல்லிப் புரியவைக்க வேண்டும்?

பச்சை கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். பிறகு முகம் மலர்ந்தது.

"சூப்பர் மேடம். ரொம்ப முக்கியமான விஷயத்தைக் கண்டுபிடிச்சிருக்கீங்க. கதவு டீமுக்குப் புள்ளி போடவே தெரியல. அவங்களை ஜன்னல் டீம்கிட்ட ட்ரெய்னிங் அனுப்புங்க. இன்னும் ரெண்டு ஸ்பிரின்ட் டைம் தர்றேன்."

"சார், புள்ளி போடத் தெரிஞ்சவங்களே இவங்கதான்..." என்று தொடங்கினாள். அதற்குள் அவர் திரையில் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். செவிடன் காதில் சங்கு ஊதினால் அவனுக்கு என்ன கேட்கும்? அவளுக்கு வந்த கோபத்துக்குக் கையிலிருந்த பேனா மூடி இரண்டாக உடைந்தது.

இரண்டு ஸ்பிரின்ட் முடிந்தது. கதவோர டீமின் வேகம் நூற்றிருபது. பக் பூஜ்யம். டிவி முழுக்கப் பச்சை. டைரக்டர் கேக் வாங்கி வரச் சொல்லி, தானே வெட்டி, தாடியின் தோளில் தட்டினார். மறுநாள் கதவோர டீம் எழுதிய மென்பொருளின் புதுப் பதிப்பு ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. மேலிடத்து ஆட்கள் அதற்குள் வந்து டிவியைப் பார்க்கப்போகிறார்கள் என்று ஒரே கொண்டாட்டம்.

தாடி ஒரு காகிதத் தட்டில் கேக்கை எடுத்துக்கொண்டு அவள் இடத்துக்கு வந்தான்.

"எடுத்துக்கோங்கக்கா. டீம் தப்பிச்சிடுச்சு. யாரும் வெளியே போக வேண்டாம்."

"அதே ஆளுங்க, அதே வேலை. வேகம் எப்படி நாலு மடங்கு ஆச்சு?"

"எட்டு எட்டாப் போட்டோம்."

"அதுக்குப் பேரு என்ன?"

தாடி குரலை உயர்த்தவில்லை. "நீங்கதானேக்கா கூட்டத்துல போட்டுக் காட்டினீங்க. இங்க ஒண்ணு, அங்க எட்டு. அதைப் பார்த்த அப்புறம்தான் எங்களுக்கே புத்தி வந்துச்சு."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். திருட்டைப் பிடிக்க அவள் ஏற்றிய விளக்கில் எல்லோரும் திருடக் கற்றுக்கொண்டார்கள். அவனைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. உள்ளதை உள்ளபடி போடு என்று சொன்னவள் அவள். போட்டவனுக்குக் கிடைத்தது சிவப்பு. டீமில் இருக்கிற ஆறு பேர் வீட்டு அடுப்பு எரிய வேண்டுமென்றால் அவன் வேறு என்னதான் செய்வான்? டைரக்டர் மேலே கோபம், தாடி மேலே கோபம், வாக்குக் கொடுத்த தன் நாக்கின் மேலே எல்லாவற்றையும்விடக் கோபம்.

ஆனால் அவளுக்குள் இருந்த பழைய டெஸ்டர் இன்னும் சாகவில்லை. தப்பே இல்லாமல் எழுதிய டீமை அவள் இந்த ஜென்மத்தில் பார்த்ததில்லை.

"பக் பூஜ்யம்னு போட்டிருக்கே. நிஜமாவே ஒண்ணும் இல்லையா?"

தாடி கேக்கைப் பார்த்தான். "சின்னதா ஒண்ணு ரெண்டு இருக்கு."

"என்ன சின்னது?"

"ஒரு குழந்தையோட பக்கத்தை மூடிட்டு அடுத்த குழந்தையோடதை அவசரமாத் திறந்தா, முந்தின குழந்தையோட எடையே திரையில நிக்குது. எப்பவாவதுதான்கா."

"நின்னா?"

"மருந்து அந்த எடைக்குத்தான் கணக்காகும்."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "எழுதினியா?"

"எழுதினா சிவப்பாயிடும்கா. அடுத்த ஸ்பிரின்ட்ல சத்தமில்லாம சரி பண்ணிடலாம்னு..."

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகுதுடா!"

முன்பெல்லாம் மூன்று தடவை சரிபார்த்தவன் அவன். அந்த மனுஷனைத்தான் இரண்டு ஸ்பிரின்டில் இப்படி ஆக்கி வைத்திருக்கிறார்கள். அவன் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்தாள். பார்த்தும் அவளுக்கு இரக்கம் வரவில்லை. அதற்கெல்லாம் இப்போது நேரம் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, பழைய டெஸ்டர் கணக்கில் உள்ளே நுழைந்தாள். நல்லவேளையாக அதை யாரும் மூடியிருக்கவில்லை.

"அக்கா, வேண்டாம். டீமைக் கலைச்சிடுவாங்க."

"என் பேர்ல எழுதறேன். கலைக்கணும்னா முதல்ல என்னைக் கலைக்கட்டும்."

எழுதினாள். எப்படித் திறந்தால் எடை நிற்கிறது, நின்றால் என்ன ஆகும் என்று ஒன்று விடாமல் எழுதி, இருப்பதிலேயே மேலான முன்னுரிமையைக் கொடுத்தாள். அந்த முன்னுரிமையோடு ஒரு பக் திறந்திருந்தால் பதிப்பு வாசலைத் தாண்டாது. கடைசிப் பொத்தானை ஆணி அடிப்பது போல அடித்தாள்.

ஹாலில் டிவி ஒரு தடவை மினுக்கியது. பச்சை போய், கதவோர டீமின் கட்டம் முழுக்கச் சிவப்பானது. நடுவில் பெரிதாக, பக் ஒன்று என்று. கேக் தின்றுகொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

"யாரு இதைச் சிவப்பாக்கினது?" டைரக்டர் குரல் ஹாலின் அந்தக் கோடியிலிருந்து வந்தது.

"நான்தான் சார்."

அவர் வேகமாக வந்தார். "உங்க வேலை அளக்கிறது மேடம். முதல்ல அதை மூடுங்க. மேலிடத்துல இருந்து இன்னும் கொஞ்ச நேரத்துல வந்திடுவாங்க. அவங்க போனதும் மறுபடி திறந்துக்கலாம்."

"மூட மாட்டேன்."

"மேடம், நான் சொல்றது புரியுதா இல்லையா?"

"புரியுது. நான் ஒண்ணு கேக்கறேன். உங்க மேஜையில படம் இருக்கே, அந்தக் குழந்தைக்கு என்ன எடை சார்?"

அவர் திரும்பித் தன் அறைப் பக்கம் பார்த்தார். அவள் பின்னால் ஒரு நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. தாடியின் விரல்கள் விசைப்பலகையில் மெதுவாக, அவனுடைய பழைய வேகத்தில் தட்டத் தொடங்கின. டிவியில் ஒன்று இரண்டானது. கொஞ்ச நேரத்தில் மூன்றானது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "எடை என்ன சார்?" என்று மறுபடியும் கேட்டாள்.