சார் எண்ணிலிருந்து ஒரு டிக்

இறந்துபோன ஒருவர்தான் என்னை அந்த வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார். கூட்டிச் சொல்லவில்லை, திரையில் அப்படித்தான் வந்தது. ‘சார் உங்களைச் சேர்த்துள்ளார்.’ பக்கத்துச் சிறு வட்டத்துக்குள் ஓர் இளைஞர் ஹெல்மெட்டைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு சிரித்தார். நான் ஒருமுறைகூடப் பார்த்திராத முகம்.

அப்போது பட்டப்படிப்பை முடித்துவிட்டு, பள்ளி வேலைக்கு அழைப்பு எப்போது வரும் என்று வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். சும்மா இருக்கத் தெரியாத ஆள் நான். சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய கெலாங் பாத்தாவில் கடைவரிசை மாடி ஒன்றில் டியூஷன் நிலையம் நடத்திய அக்கா, ஐந்தாம் படிவத்துக்குக் கூடுதல் கணிதம் எடுக்க ஆள் வேண்டும் என்றதும் மறுநாளே போய் நின்றுவிட்டேன். வகையீடும் தொகையீடும்! பல்கலைக்கழகத்தில் நான் காதலித்ததே அந்த இரண்டைத்தான்.

“இதுக்கு முன்ன எடுத்த சார் தவறிட்டாரு. ஆக்சிடன்” என்றார் அக்கா, ஏசியின் ரிமோட்டைத் தேடிக்கொண்டே. “வகையீடு வரைக்கும் முடிச்சிருக்காரு. தொகையீடு இன்னும் தொடல. அவரு தங்கச்சி இந்த கிளாஸ்லதான் இருக்கு. கடைசி மேசை. நீயா எதுவும் கேக்காத.”

குழுவுக்கு நிர்வாகி அந்த சார் ஒருவர்தான். அவர் எண்ணிலிருந்து யாராவது சேர்த்தால்தான் நான் உள்ளே போக முடியும். கைப்பேசி தங்கையிடம் இருந்தது. அவள்தான் சேர்த்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

முதல் வகுப்பில், இதுவரை படித்ததைப் பார்க்கலாம் என்று வெண்பலகையில் x³ என்று எழுதினேன். நான் திரும்புவதற்குள் வகுப்பே மேசையில் ஓங்கித் தட்டியது.

“முன்னால கொண்டா!” ஒரு தட்டு. “ஒண்ணைக் குறை!” இன்னொரு தட்டு.

மூன்று முன்னால் வந்தது, அடுக்கில் ஒன்று குறைந்தது, 3x². எல்லாரும் சரி. எல்லாரும் ஒரே நேரத்தில். குரலை ஏற்றி இறக்கும் விதம்கூட எல்லாருக்கும் ஒன்றாக இருந்தது. அது அவர்களுடைய குரல் இல்லை என்பது அந்த மனிதரை ஒருநாளும் கேட்டிராத எனக்கே புரிந்தது.

“சார் ஸ்டைல் டீச்சர்” என்றான் முன்வரிசையில் இருந்த வாயாடிப் பையன். “நீங்களும் தட்டணும். தட்டலன்னா கணக்கு வராது லா.”

நானும் தட்டினேன். பிறகு உற்சாகத்தில் நேராகத் தொகையீட்டுக்குத் தாவினேன். வகையீடு என்றால் மாறும் வேகத்தைக் கண்டுபிடிப்பது, தொகையீடு என்றால் வேகத்திலிருந்து வந்த வழியைத் திரும்பப் பிடிப்பது. “இப்ப ஒரு மோட்டார் சைக்கிள், விடியக்காலை, ரெண்டாவது பாலத்துல சிங்கப்பூருக்குப் போகுதுன்னு வைங்க. மீட்டர்ல வேகம் மட்டும்தான் தெரியுது...”

வாயாடி தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னான்: “டீச்சர், வேற எக்ஸாம்பிள்.”

கடைசி மேசையைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பலகையில் இருந்த மோட்டார் சைக்கிளை உள்ளங்கையால் அழித்துவிட்டு, தொட்டியில் நிரம்பும் தண்ணீருக்கு மாறினேன்.

குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டில் போட்ட கணக்கைப் படம் பிடித்து அனுப்புவார்கள். சரியாக இருந்தால் சார் அதன்மேல் பச்சை டிக் ஒன்று போடுவார். தவறென்றால் டிக் இருக்காது, ‘திரும்பப் பாரு’ என்று மட்டும் வரும். அவர் போன பிறகும் டிக் வந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

“சார் போனு அவங்க வீட்டுல இருக்கு டீச்சர்” என்றான் வாயாடி, படியில் இறங்கும்போது. அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. “டிக் எப்பவும் கரெக்டாதான் வருது. அப்புறம் எதுக்குக் கேக்கணும்?”

அந்த வாரம் நான் சமையல் சாமான் வாங்கச் சந்தையில் நின்றிருந்தேன். பட்டப்பகல். மீன்காரரின் கத்திச் சத்தத்துக்கு நடுவே கைப்பேசி அதிர்ந்தது. வாயாடி வீட்டுக்கணக்கை அனுப்பியிருந்தான். x² என்பதைத் தொகையிட வேண்டும். அடுக்கில் ஒன்றைக் கூட்டி, அந்தப் புதிய அடுக்கால் வகுத்தால் x³/3 வரும், கூடவே ஒரு மாறிலி. அவன் எழுதியிருந்தது 2x³.

எங்கிருந்து வந்தது என்று உடனே தெரிந்துவிட்டது. மேசைத் தட்டு! ‘ஒண்ணைக் குறை’ என்பதை மட்டும் ‘ஒண்ணைக் கூட்டு’ என்று மாற்றிக்கொண்டான். முதல் தட்டு மாறாமல் அப்படியே இருந்துவிட்டது. பழைய இரண்டு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. உலகத்தில் வேறெந்த வகுப்பும் இந்தத் தவறை இவ்வளவு தாளத்தோடு செய்யாது. எனக்குச் சிரிப்புகூட வந்தது.

அடுத்த நொடி, அந்தப் படத்தின்மேல் பச்சை டிக் விழுந்தது.

இன்னொரு பிள்ளை அனுப்பியது. 2x³. டிக். இன்னொன்று. டிக். டிக் போட்டது யார் என்று தொட்டுப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் அந்த ஹெல்மெட் சிரிப்பு. மீன்காரர் “என்னம்மா, கெம்போங் மீன் வேணுமா வேணாமா?” என்று அதட்டினார், நான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

‘இது தவறு’ என்று தட்டச்சு செய்தேன். அனுப்பவில்லை. சாருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பதால்தான் அந்த டிக்கை யாரும் கேள்வி கேட்கவில்லை. தவறு என்று நான் ஒரு வார்த்தை போட்டால் எல்லாரும் அந்தக் கைப்பேசிக்குப் பின்னால் இருக்கும் ஆளைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தத் தங்கை தன் அண்ணனை இன்னொரு தடவை, இந்தத் தடவை நண்பர்கள் முன்னால், புதைக்க வேண்டியிருக்கும். சும்மா விட்டாலோ வகுப்பு முழுக்க 2x³ எழுதிக்கொண்டு தேர்வுக்குப் போகும். எழுதியதை அழித்துவிட்டு அவளுக்குத் தனியாகச் செய்தி அனுப்பினேன், அடுத்த வகுப்புக்குக் கொஞ்சம் முன்னதாக வரச்சொல்லி.

வந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். நான் எதையும் கேட்கவில்லை. 2x³ என்று எழுதி, “இதை வகையிடு” என்றேன்.

பழக்கத்தில் மேசையில் மெதுவாக இரண்டு முறை தட்டினாள். 6x² வந்தது.

“நமக்கு என்ன வேணும்?”

“x².”

அந்த ஆறைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டாள். பிறகு சொன்னாள்: “அண்ணன் தப்பா போட்டுட்டாரு டீச்சர்.”

‘நான் போட்டேன்’ என்று அவள் சொல்லவில்லை. ‘நீதானே போட்டாய்’ என்று எனக்கு வாய்வரை வந்தது. ஆனால் அவள் கண்ணைப் பார்த்தபின், “சரி, திருத்திடலாம்” என்றுதான் வெளியே வந்தது.

அங்கேயே பையிலிருந்து அந்தக் கைப்பேசியை எடுத்தாள். திரையின் மூலை உடைந்திருந்தது. டிக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். பிறகு மெல்ல எழுதினாள்: ‘திரும்பப் பாரு.’

என் கைப்பேசி மேசையில் அதிர்ந்தது. கீழே கடைவாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த வாயாடியிடமிருந்து உடனே பதில்: ‘அலமாக், தப்பாப் போச்சே. சரி சார்.’

அன்றிலிருந்து ஒவ்வொரு வகுப்புக்கும் அவள் முன்னதாக வந்தாள். மற்றவர்களுக்கு எடுப்பதை அவளுக்கு முதலிலேயே எடுத்தேன். எல்லைகள், வளைகோட்டின் கீழ்ப் பரப்பு, எல்லாம். வேகமாகப் பிடித்துக்கொண்டாள். டிக்குகள் மறுபடி சரியாக விழுந்தன. இறந்த ஒருவருக்குத் தொகையீடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவரும் நன்றாகத்தான் படித்தார். ஒருநாள் நானே ஒரு நீண்ட கணக்கின் விடையைக் குழுவில் போட்டேன். சற்று நேரத்தில் அதன்மேலும் பச்சை டிக். எனக்கு உள்ளூர ஒரு பெருமை! பெருமைப்பட்டதை உணர்ந்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு பாத்திரம் கழுவும்போதுகூட அந்த மேசைத் தட்டு காதில் கேட்டது.

அவள் மட்டும் தன் கணக்கை அனுப்பியதே இல்லை. முன்னோட்டத் தேர்வு நெருங்கியபோது வாயாடி குழுவிலேயே சீண்டினான்: ‘ஏய் கடைசி மேசை, உன் கணக்கு எங்க? சார் தங்கச்சின்னா ஃப்ரீயா?’

அன்று பிற்பகல் அவளுடைய சொந்த எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. y = x² − 2x என்ற வளைகோட்டுக்கும் x அச்சுக்கும் நடுவே உள்ள பரப்பு. எல்லாப் படிகளும் சரி, விடை மட்டும் −4/3 என்று நின்றது. பரப்புக்கு மைனஸ். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிக் வரவில்லை. ‘திரும்பப் பாரு’ என்றும் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து இரண்டு வரிகள் வந்தன. நான் இனிக் குழுவின் நிர்வாகி என்றது முதல் வரி. இரண்டாவது வரி, சார் வெளியேறினார்.

முதலில் வாயாடி ‘பாய் சார்’ என்று போட்டான். அவனைத் தொடர்ந்து ஒவ்வொருவராக, பாய் சார், பாய் சார், திரை மேலே மேலே ஏறிக்கொண்டே போனது. நான் எழுத நினைத்தேன். பார்த்தே இராத ஒருவருக்கு எப்படி விடைகொடுப்பது?

அடுத்த வகுப்புக்கும் அவள் முன்னதாகவே வந்தாள். நான் கேட்காமலே சொன்னாள்.

“என் கணக்க நானே அனுப்பிட்டு அண்ணன் போன எடுத்தேன் டீச்சர். டிக் போடலாமா வேணாமான்னு தெரியல. அவரு இருந்தா தெரிஞ்சிருக்கும். போனுக்குத் தெரியல.”

“ம்.”

“இன்னொரு தடவ அவரு பேர்ல தப்பு வரக் கூடாது.” தாளை என் பக்கம் தள்ளினாள். “இது எங்க தப்பு? பரப்பு எப்படி மைனஸ்ல வரும்? மைனஸ்னா அந்த இடமே இல்லன்னுதானே?”

இத்தனை வாரங்களில் அவள் தனக்காகக் கேட்ட முதல் கேள்வி அது. எப்போதும் போலப் பாய்ந்து விளக்காமல், முதலில் படம் வரைந்தேன். அச்சுக்குக் கீழே இறங்கி, தொங்கி, மறுபடி மேலே ஏறும் வளைகோடு.

“இடம் இருக்கும்மா. கோட்டுக்குக் கீழ இருக்கு, அதான் மைனஸ் வருது. பரப்பு கேட்டா மைனஸ எடுத்துட்டு எழுது.”

“அப்ப இருக்கு.”

“இருக்கு.”

பென்சிலை எடுத்து, கோட்டுக்குக் கீழே இருந்த அந்தப் பகுதியை அவளே நிழலிட ஆரம்பித்தாள். மற்ற பிள்ளைகள் படியேறி வரும் சத்தம் கேட்டது. அவள் நிறுத்தவில்லை. தாள் பளபளக்கும்வரை அழுத்தி அழுத்தி நிழலிட்டாள். நான் பலகையைத் துடைக்கப் போனேன்.