துறைமுகப் படத்தின் முன்னால்

பாரிஸில் நாலு வருடம் கோப்பை கழுவியவன் என்ற தகுதியில், பிரெஞ்சு ஓவியங்களைப் பற்றி யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், நான் விளக்கம் சொல்வேன். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் அகப்பட்டவர் சிவம். கிங்ஸ்பரி பெற்றோல் நிலையத்தில் என்னோடு ஷிப்ட் செய்பவர். கொஞ்ச நாளாக ஆள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மனதுக்கு மாற்றமாக இருக்கட்டும் என்று லண்டன் நடுவில் நடந்த ஓவியக் கண்காட்சிக்கு இழுத்துப் போனேன்.

வாழ்நாள் முழுக்கத் துறைமுகங்களையும் கரையோரங்களையுமே வரைந்த ஒரு பிரெஞ்சுக்காரரின் படங்கள் அவை. அவருடைய குடி, இருமல், வளர்த்த நாய், மழையில் குடை பிடித்து மேகம் வரைந்தது என்று நான் எதையும் விட்டுவைக்கவில்லை. ஒரு படத்தின் கீழிருந்த ஊர்ப்பெயரை பிரெஞ்சுக்காரனைப் போல மூக்கால் வாசித்தேன். சிவம் படத்துக்குக் கிட்டப் போனார்.

“அண்ணை, இதிலை லொறியள் நிக்கிற இடம் எது?”

“ஐசே, இது நூற்றைம்பது வருசத்துக்கு முந்தின படம். அப்ப ஏது லொறி?”

காவலாளி திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன்.

“என்ரை தம்பி கடைசியா இந்த ஊரிலை இருந்துதான் போன் எடுத்தவன். லொறிக்குள்ளை ஒளிச்சுக் கடல் கடந்து லண்டனுக்கு வாறன் எண்டவன். இண்டைக்கு இருவத்திரண்டு நாள். இன்னும் வந்து சேரேல்லை.”

கப்பல்களுக்கும் கரைக்கும் நடுவே, சாயம் தடித்திருந்த இடங்களில், அவர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்.

தம்பி பிறகும் வரவில்லை. அந்த ஓவியருடைய நாயின் பெயரைக் கேட்டால் இப்போதும் சொல்வேன். சிவத்தின் தம்பிக்கு என்ன பெயர் என்று அன்று நான் கேட்கவில்லை. பிறகு கேட்கத் துணிவு வரவில்லை.