பெட்டியக்கா ஆபீசரான கதை

துறைமுகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளே கிடையாது. பெட்டியக்கா என்றால்தான் தெரியும். உல்லாசக் கப்பலில் வந்து இறங்குகிறவர்களின் பெட்டிகளை வாங்கி, லாரியில் ஏற்றி, விமான நிலையத்தில் அவரவர் கையில் திருப்பிக் கொடுக்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. காலையில் கப்பல் கரை சேரும். வீடு திரும்பும் விமானம் பலருக்குச் சாயங்காலம்தான். நடுவில் கிடக்கிற பகல் பொழுதில் பெட்டியை இழுத்துக்கொண்டு ஊர் சுற்ற யாருக்கும் ஆசையில்லை. அந்த இழுபறிதான் பெட்டியக்காவுக்குச் சோறு போட்டது.

முதலில் அந்தக் கூடத்தில் தரை துடைக்கத்தான் வந்தாள். ஒரு நாள் ஆள் பற்றாமல் மேற்பார்வையாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தாள். பாவம் பார்த்துச் செய்தது. அதற்குப் பிறகு துடைப்பம் அவள் கைக்குத் திரும்பவே இல்லை. இடுப்புவலி மட்டும் வந்து சேர்ந்தது.

கப்பலுக்குள் அவள் கால் வைத்ததில்லை, விமானத்திலும் ஏறியதில்லை. துறைமுகத்திலிருந்து விமான நிலையம் வரை போவாள், திரும்புவாள். அந்த மட்டுக்கும் அவளைப்போல ஓயாமல் பயணம் போனவர்கள் யாருமில்லை.

வீடு மூன்றாம் மாடியில், இரண்டு அறை. கணவர் பிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர். ஊரார் வீட்டு பிரிட்ஜையெல்லாம் ஓடவைப்பார், தன் வீட்டு பிரிட்ஜின் கதவு திறந்துகொள்ளாமல் இருக்க நாற்காலியை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். சண்டை சச்சரவு இல்லாத குடும்பம். சச்சரவு வேண்டுமென்றால் தொலைபேசியில் வரும், கணவரின் அக்காவிடமிருந்து.

அந்த நாத்தனார் விமானத்தில் போகிற தூரத்தில் வேறொரு ஊரில் இருந்தாள். எதையும் ஒரு படி ஏற்றிச் சொன்னால்தான் அவளுக்குச் சாப்பாடு செரிக்கும். வீட்டில் பல்லி விழுந்தால்கூட உடும்பு என்பாள். மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், தம்பி பெண்டாட்டி என்ன செய்கிறாள் என்று கேட்டிருக்கிறார்கள். நாக்கு தானாகப் படியேறிவிட்டது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"அக்கா, பொண்ணு வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டாங்க. நீ கப்பல் கம்பெனியில ஆபீசராம்."

"அப்படியா? எப்போலேர்ந்து?"

"போன வெள்ளிக்கிழமைலேர்ந்து. என்ன பண்றது, பொண்ணோட அப்பா ஏர்லைன்ஸ்ல மேனேஜரா இருந்து ரிட்டையர் ஆனவராம். அவங்களுக்குச் சமமா நாமளும் ஏதாவது சொல்ல வேணாமா?"

"சம்பளத்தையும் அண்ணியே ஏத்திக் குடுப்பாங்களாமா?"

கணவருக்குத் திடீரென்று தாகம் எடுத்தது. எழுந்து போய்விட்டார்.

பெட்டியக்காவுக்குக் கோபம் வரவில்லை. மறுநாள் டீ நேரத்தில் அதைச் சொல்லிச் சிரித்தாள். அன்றிலிருந்து லாரி டிரைவர் அவளுக்கு ஆபீசர் என்று இன்னொரு பட்டம் கட்டிவிட்டார்.

பட்டத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. நிச்சயம் முடிந்ததும், இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பழகிக்கொள்ளட்டும் என்று மாப்பிள்ளைப் பையன் அவர்களைக் கப்பல் சுற்றுலாவுக்கு அனுப்பினான். நாத்தனாரின் கணவர் தண்ணீருக்குப் பயந்தவர், தப்பித்தார். நாத்தனார், சம்பந்தி, சம்பந்தியம்மா என்று மூன்று பேர் கிளம்பினார்கள். பயணம் முடிகிற இடமோ பெட்டியக்காவின் துறைமுகம்.

நாத்தனார் முன்கூட்டியே போன் செய்தாள். "நாங்க இறங்கற அன்னைக்கு நீ அங்க இருக்கக்கூடாது. லீவு போட்டுடு. எதுக்குச் சொல்றேன்னு உனக்கே தெரியும்."

பெட்டியக்கா லீவு கேட்கத்தான் செய்தாள். அன்றைக்கு இரண்டு கப்பல்கள் வந்து நிற்பதாக ஏற்பாடு. "அக்கா, நீங்க லீவு போட்டீங்கன்னா நான் கடல்ல குதிக்கணும்" என்றார் மேற்பார்வையாளர். ஒரு மனிதன் குதிப்பதைவிட நாத்தனார் குதிப்பது மேல் என்று அவள் வேலைக்கு வந்துவிட்டாள். லாரிப் பக்கமாகவே நின்று தலைகாட்டாமல் தப்பித்துவிடலாம் என்று நினைப்பு.

கப்பலில் ஒரு வழக்கம் உண்டு. இறங்குவதற்கு முந்தின இரவு பெட்டிகளை மூடி அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். ஊழியர்கள் அவற்றை எடுத்துப் போய், விடிந்ததும் கூடத்தில் நிறம் நிறமாக அடுக்கிவிடுவார்கள். பச்சை அட்டை கட்டிய பெட்டிகள் பெட்டியக்காவின் கம்பெனிக்கு. மறுநாள் காலை உடுத்த ஒரு செட் துணியைக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை எல்லாப் பாஷையிலும் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். சொல்லியும் கேளாதவர்கள் சிலர் எல்லாப் பயணத்திலும் உண்டு.

அன்று முதல் லாரி கிளம்பிப் போன பிறகு மேற்பார்வையாளர் ஓடிவந்தார். "அக்கா, ஒருத்தர் கேட் ஓரமா நின்னுக்கிட்டு வெளியே வரமாட்டேங்கறாரு. பேன்ட் பெட்டிக்குள்ள போயிடுச்சாம்."

போய்ப் பார்த்தாள். நரைத்த மீசை வைத்த பெரியவர் ஒருவர், மஞ்சள் வாத்துகள் வரிசையாக நீந்துகிற நைட் பேன்ட்டில், கப்பல்காரர்கள் கொடுத்த மெல்லிய செருப்போடு தூணுக்குப் பின்னால் நின்றார். பக்கத்தில் அவர் மனைவி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நாத்தனார்.

நாத்தனார் பெட்டியக்காவை நேருக்கு நேர் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் என்ன நடந்ததோ, குரலில் ஒரு பிசிறும் இல்லை.

"ஏம்மா, லக்கேஜ் அம்மா! இவரோட பெட்டிய கொஞ்சம் தேடிக் குடும்மா."

"சரிங்க மேடம்" என்றாள் பெட்டியக்கா. முன்பின் தெரியாதவள்போல நடிக்க வேண்டும் என்று வீட்டிலேயே தீர்மானித்து வந்தவள்தான். ஆனாலும் அந்த மேடம் அத்தனை சுலபமாக வாயில் வந்ததை நினைத்துத் தன்மேலேயே எரிச்சல் பட்டாள்.

"எல்லாத்தையும் பெட்டியில வெச்சிடணும்னு இவங்கதான் அடிச்சுச் சொன்னாங்க" என்று பெரியவர் நாத்தனாரைக் காட்டி முனகினார்.

நாத்தனார் அதைக் காதில் வாங்கவில்லை. "என் தம்பி சம்சாரம் ஊர்ல இருந்திருந்தா ஒரே போன்ல முடிச்சிருப்பா. இன்னைக்குன்னு பார்த்து மீட்டிங்குக்கு வெளியூர் போயிட்டா" என்று சம்பந்தியம்மாவிடம் வருத்தப்பட்டாள்.

பெட்டியின் அடையாளம் கேட்டால் கறுப்புப் பெட்டி, சிவப்பு ரிப்பன் என்றார்கள். கூட்டத்தில் தொலையாமல் இருக்க எல்லோரும் சிவப்பு ரிப்பன்தான் கட்டுவார்கள். தேடவும் அவசியமில்லை. அவர்கள் வந்த கப்பலின் பச்சை அட்டை கட்டிய பெட்டிகளையெல்லாம் அவள் கையாலேயே முதல் லாரியில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது. இந்நேரம் வாத்துக்காரரின் கால்சட்டை விமான நிலையத்துக்குப் பாதி வழி போயிருக்கும்.

இதற்குள் வேறு பயணிகள் தூணைச் சுற்றி நின்று படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். மேற்பார்வையாளர் சட்டத்தை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, "ரெண்டாவது லாரியில இவரையும் ஏத்திக்கிட்டுப் போயிடுங்க" என்றார்.

"அப்போ நாங்க?" என்றாள் சம்பந்தியம்மா.

"நாம ஊரைச் சுத்திப் பார்ப்போம். அவரு என்ன சின்னக் குழந்தையா?" என்றாள் நாத்தனார். இருவரும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கும் வாத்துகளோடு தெருவில் நடக்கத் தைரியம் வரவில்லை.

இரண்டாவது லாரியில் மற்றக் கப்பலின் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. பெரியவர் ஓரமாக நின்று பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் கை பரபரத்தது. அவசரத்தில் அடுக்கிய ஒரு வரிசை சாய்ந்தது. யாரும் நகருவதற்குள் பெரியவர் பாய்ந்து முழங்காலை முட்டுக்கொடுத்தார். மேல் பெட்டியைத் தோளில் வாங்கினார், ஒரு திருப்பு திருப்பினார், சக்கரம் உள்பக்கமாகப் போய்ப் பெட்டி கச்சிதமாக உட்கார்ந்தது. அப்புறம்தான் தான் யார், எங்கே நிற்கிறோம் என்பது நினைவு வந்து இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எங்கங்க வேலை பார்த்தீங்க?" என்று கேட்டாள் பெட்டியக்கா.

"ஏர்லைன்ஸ்ல."

"ஏர்லைன்ஸ்ல எங்க?"

பெரியவர் மனைவி போன திசையைப் பார்த்து உறுதி செய்துகொண்டார். "அடியில" என்றார்.

லாரி கிளம்பியதும் மனிதர் மடை திறந்தார். டிரைவருக்கும் பெட்டியக்காவுக்கும் நடுவில், வாத்துகள்மேல் கைவைத்து உட்கார்ந்து, விமானத்தின் வயிற்றுக்குள் முதுகு நிமிராமல் தவழ்ந்து பெட்டி அடுக்கிய காலத்தைச் சொன்னார். குளிரில் கைப்பிடி விரலோடு ஒட்டிக்கொள்ளுமாம். ஒரு தடவை யாரோ அனுப்பிய கிளி உள்ளே வந்து, பெட்டி அடுக்கி முடிகிற வரை அவரைத் திட்டியதாம்.

"அப்போ மேனேஜர்?" என்று பெட்டியக்கா வாய் தவறிக் கேட்டாள். நல்ல வேளை, அது எப்படி இவளுக்குத் தெரியும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"அதை ஏன்மா கேக்கறே! சும்மா ஏர்லைன்ஸ்னுதான் சொல்லிக்கிட்டிருந்தோம். பொண்ணு பார்க்க வந்தப்போ, அந்தக் கண்ணாடி போட்ட அம்மா, தன் தம்பி சம்சாரம் கப்பல் கம்பெனியில பெரிய ஆபீசர்னு ஆரம்பிச்சாங்க. என் வீட்டுக்காரி விடுவாளா? அந்த நிமிஷமே என்னை மேனேஜர் ஆக்கிட்டா."

பெட்டியக்கா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெண் வீட்டார் மேனேஜர் என்றதால்தான் தன்னை ஆபீசர் ஆக்கியதாக அல்லவா அவள் வீட்டில் கணக்குச் சொன்னார்கள்?

"அந்த ஆபீசர் அம்மாவ நெனச்சுத்தான் எனக்குக் கப்பல்ல தூக்கமே வரல" என்று தொடர்ந்தார் பெரியவர். "ரெண்டு கேள்வி கேட்டாப் போதும், குட்டு உடைஞ்சிடும். அவங்க ஊர்ல இல்லேன்னதும்தான் உசிரே வந்துச்சு. உனக்கு அவங்களைத் தெரியுமாம்மா?"

"பார்த்திருக்கேன். கொஞ்சம் முன்கோபிதான்."

"அய்யய்யோ!"

"தப்புன்னு பட்டா யாரையும் விடமாட்டாங்களாம். முகத்துக்கு நேரா கேட்டுடுவாங்களாம்."

பெரியவரின் முகம் வெளிறியது. அதுவரை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த டிரைவருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "போதும் ஆபீசரே, விட்டுடுங்க! பாவம், மனுஷன் பேன்ட்டும் இல்லாம உக்காந்திருக்காரு!"

பெரியவர் டிரைவரைப் பார்த்தார். பெட்டியக்காவைப் பார்த்தார். அவள் போட்டிருந்த மஞ்சள் சட்டையையும் கிழிந்த கையுறையையும் பார்த்தார். விஷயம் மெதுவாக உள்ளே இறங்கியது. இறங்கியதும் அவர் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிக்னலில் நின்ற லாரி, பின்னால் வந்த கார்க்காரர்கள் ஹார்ன் அடிக்கும் வரை நகரவில்லை.

விமான நிலையத்தில் பெட்டி கிடைத்தது. கழிப்பறைக்குள் போய்ப் பேன்ட்டும் பெல்ட்டும் மாட்டிக்கொண்டு வந்தார். வயிற்றைக் கொஞ்சம் உள்ளே இழுத்தால் மேனேஜரேதான். ஆனால் ஒரு நாற்காலியிலும் உட்காரவில்லை. மத்தியானம் முழுக்க அவளோடு சேர்ந்து பெட்டிகளைக் கவுன்ட்டர் ஓரம் வரிசைப்படுத்தினார். கப்பலில் இருந்த அத்தனை நாளில் இந்த அளவுக்குச் சந்தோஷமாக இருந்ததில்லை என்று வேறு சொன்னார்.

சாயங்காலம் பெண்கள் இருவரும் கால் வீங்கி, முகம் வாடி வந்து சேர்ந்தார்கள். சம்பந்தி மிடுக்காக நாத்தனார் முன்னால் போய் நின்றார்.

"சம்பந்தியம்மா, உங்க தம்பி சம்சாரம் போன்ல பேசினாங்க. அவங்க ஒரு வார்த்தை சொன்னதுக்கு எனக்கு இங்க ராஜ மரியாதை. என்னா தங்கமான ஆபீசர்!"

தான் பெற்ற பொய் தன் முன்னால் வந்து கைகூப்பி நிற்கும் என்று நாத்தனார் எதிர்பார்க்கவில்லை. பெட்டியக்காவின் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அவள் மும்முரமாகச் சிவப்பு ரிப்பனை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாமா" என்றாள் நாத்தனார் ஒருவாறு தேறி. "நான்தான் மெசேஜ் போட்டு வெச்சிருந்தேன்."

மற்ற இருவரும் கவுன்ட்டருக்கு நகர்ந்த நேரத்தில் நாத்தனார் கண்ணாடியைக் கழற்றினாள். கண்ணைச் சுற்றிக் களைப்பு. காலையில் லக்கேஜ் அம்மா என்று அழைத்தது உறுத்தியிருக்க வேண்டும். "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள். மன்னிப்பு கேட்டே பழக்கமில்லாதவளுக்கு அதைத்தான் கேட்கத் தெரிந்தது. பிறகு, "ஊருக்குப் போய்ப் போன் பண்றேன்" என்றாள்.

"உடனே பண்ணாதீங்க அண்ணி. மீட்டிங்ல இருப்பேன்."

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆபீசர் வராமல் முகூர்த்தமே இல்லை என்று சம்பந்தி பிடிவாதம் பிடித்ததால் பெட்டியக்காவும் கணவரும் போனார்கள். பஸ்ஸில்தான். நாத்தனார் அவளை வாசலிலேயே வரவேற்று, முன்வரிசையில் போட்டிருந்த சோபாவில் உட்காரவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். இப்போது ஆபீசரும் இல்லை, சீனியர் ஆபீசர். பக்கத்துச் சோபாவில் மேனேஜர்.

மண்டப வாசலில் ஒரு பஸ் வந்து நின்றது. வெளியூர் உறவினர்களின் பெட்டிகளை இரண்டு பேர் இறக்கி, கனத்தை மேலேயும் லேசை அடியிலும் வைத்து, சக்கரம் வெளியே துருத்திக்கொண்டிருக்கக் கோபுரம் கட்டினார்கள். திரும்பிப் பார்த்தபடி சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார் சம்பந்தி.

"சாயுது" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பார்க்காதீங்க. இந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள் பெட்டியக்கா.

"அடியில இருக்கறது அட்டைப் பெட்டிம்மா. நசுங்கிடும்."

"நசுங்கட்டும். உங்க வீட்டம்மா பார்க்கறாங்க."

இருவரும் நேராக உட்கார்ந்து, மேடையைப் பார்த்துச் சிரித்த முகமாக இருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் பெட்டிகள் ஒவ்வொன்றாகச் சரிந்து விழுகிற சத்தம் கேட்டது.